வறண்ட குளத்தில் ஒருவன்

"தண்ணியே இல்லாத ஊர்ல நீச்சல் குளம் கட்டினவனைத்தாங்க்கா மொதல்ல உள்ள தள்ளணும்," என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த குப்புராஜ். "இன்னாசியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அம்பாசடர் மூச்சிரைத்துக்கொண்டு மேட்டில் ஏறியது. பென்னாகரம் சாலையிலிருந்து பிரிந்த சரளைப் பாதை. இருபுறமும் வேலிக்காத்தான். மேலே பாறைகளுக்கு நடுவில் அந்தப் பழைய கட்டடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகட்டும் என்று எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி கண்ட கனவு அது. இரண்டு கோடை ஓடியது. பிறகு கிணறு வற்றியது. வற்றிக்கொண்டிருந்த கலங்கலில் ஒரு பையன் முழுகிப் போனான். கதவுக்குப் பூட்டு விழுந்தது. இந்த எண்பத்து நாலாம் வருஷத்து ஆடியில், ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் ஆட்டைத் திருப்புவதில்லை.

பின் சீட்டில் சகாயமேரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புழுதிக்காக மட்டுமல்ல. பூட்டிக் கிடக்கிற இடங்களுக்குள் நுழையும் முன் அவளுக்குள் எப்போதும் ஒரு கூச்சம் வரும். தூங்குகிற ஒருவரின் முகத்தை உற்றுப் பார்ப்பது போன்ற கூச்சம். போலீஸ் வேலையை விட்டுவிட்டு தர்மபுரியில் குப்புராஜை உதவிக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் அது போகவில்லை.

அவளுக்குப் பக்கத்தில் மாதம்மாள் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் கருப்பண்ணனின் மனைவி, இப்போது விதவை. ஆடி பிறந்த வாரத்தில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரி மக்கர் பண்ணி நின்றது. கருப்பண்ணன் அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லாரி பின்னால் உருண்டது. அவ்வளவுதான். சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லையும் காணோம், கல் வைத்த க்ளீனர் இன்னாசியையும் காணோம்.

நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவர்தான். லாரிக்குப் பின்னாலேயே காரில் வந்த முதலாளி சவுரியப்பன். இப்போது முன் சீட்டில் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பய கல்ல அரைகொறையா வெச்சுட்டானுங்க, மேரியம்மா," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். "சறுக்கிடுச்சு. வண்டி நகந்ததும் எடுத்தான் ஓட்டம். போலீஸ் தேடறது ஒருபக்கம். மாதம்மாளுக்கு ஒரு நியாயம் நானே செய்யணும்னுதான் உங்ககிட்டக் கூட்டியாந்தேன். அவன் எங்க இருக்கான்னு மட்டும் காட்டுங்க."

பேச்சில் எப்போதும் மரியாதை. கார் அவருடையது, பெட்ரோல் அவருடையது. சகாயமேரிக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது. அதனால்தான் காலையில் அவர் எதிரில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள்.

காலையில் அவளும் குப்புராஜும் இன்னாசியின் அக்கா மிக்கேலம்மாள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். "செத்தானோ பொழைச்சானோ தெரியாதுங்க. அவன் இந்த வூட்டுப் படி மிதிச்சு மாசமாச்சு," என்று மிக்கேலம்மாள் கதவை விட்டு நகராமலே சொன்னாள். வாசலில் அவளுடைய சின்ன மகள் கட்டம் போட்டுப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கட்டத்தில் எறிந்த சில்லு ஓட்டுச் சில்லு இல்லை. பளபளவென்று நீல நிறம்.

காருக்குத் திரும்பியதும் சகாயமேரி சொன்னாள்: "நீலப் பீங்கான் கல்லு. இந்தத் தாலுக்காவுல யாரு வூட்டுல நீலக்கல்லு பதிச்சிருக்காங்க?"

"எங்க வூட்டுல சாணிதாங்க்கா பதிச்சிருக்கு," என்றான் குப்புராஜ்.

"நீச்சல் குளத்துல பதிச்சிருந்தாங்க. அவனுக்குச் சோறு கொண்டுபோன அம்மாகூடக் குழந்தையும் போயிருக்குது. வரும்போது வெளையாட ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்குது."

காரிலேயே காத்திருந்த சவுரியப்பன் திரும்பி அவளை வாயாரப் புகழ்ந்தார். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது, மேடு ஏற ஏற, வாயில் புளித்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

கார் வாசலருகே நின்றது.

"தம்பி, ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கியர்ல போட்டு நிறுத்து," என்றார் சவுரியப்பன். "எனக்கு முட்டி வலி. நான் இங்கயே இருக்கேன். மாதம்மா, நீயும் இரு. பாத்ததும் ஒரு சத்தம் குடுங்க, மேரியம்மா. நீங்க கிட்டப் போவ வேணாம். நான் வந்து பேசிக்கறேன்."

குப்புராஜ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். சகாயமேரி இறங்கும்போது முன் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடின் முனை எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். லாரிக்காரர் காரில் ஜாக்கி ராடு இருப்பதில் என்ன அதிசயம் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள்.

வாசல் கதவின் பூட்டை எப்போதோ யாரோ பெயர்த்திருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலின் கம்பிகள் துருப்பிடித்து வளைந்திருந்தன. மேலே ஒரு பலகை: தொற்று நோய் உள்ளவர்கள் குளத்தில் இறங்கக் கூடாது.

"நமக்கு இருக்கறது பயம் ஒண்ணுதான். அது தொத்துமாங்க்கா?"

"உன்கிட்ட இருந்துதான் தொத்துது. மெதுவாப் பேசு."

உள்ளே காற்று வேறு மாதிரி இருந்தது. வெளியில் ஆடிக்காற்று மரத்தை முறுக்கிக்கொண்டிருக்க, உள்ளே அது உடைந்த ஷவர் குழாய்கள் வழியாக நுழைந்து யாரோ வாய் வழியாக மூச்சு விடுவதுபோல் ஒலித்தது. வௌவால் நாற்றம். சுவர்க் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டுத் தொங்கியது. அதைக் கடக்கும்போது சகாயமேரி தன் முகத்தைப் பார்க்கவில்லை.

நடைவழி முடிந்து குளம் வந்தது.

வெயில் மேகத்துக்குள் போயிருந்தது. நிறம் செத்த வெளிச்சத்தில் அந்தப் பெரிய பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பாதி நீலக்கல் பெயர்ந்திருந்தது. ஆழமான பக்கத்தில் ஓர் ஆட்டின் எலும்புக்கூடு, ஏற வழி தெரியாமல் சுவரோரமாகவே சுற்றிச் செத்தது போல, சுவரை ஒட்டிக் கிடந்தது. இறங்கும் ஏணி பாதியில் முடிந்துவிட்டது. கீழே தண்ணீர் இருக்கும் என்று நம்பிச் செய்த ஏணி.

தண்ணீர் இருக்கிற குளத்தைவிட இதுதான் ஆளை முழுக வைக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மனுஷர்களிலும் சிலர் இப்படித்தான். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் விளிம்பில் நிற்கிறவர்களை இழுப்பார்கள்.

"ஆம்பளைங்க பக்கம் யாருமில்லீங்க்கா," குப்புராஜ் உடை மாற்றும் அறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "பொம்பளைங்க பக்கமும் இல்ல. பாக்கறதுக்கு முன்னாடி கதவத் தட்டினேன். பழக்கம்."

"படுக்கை?"

"ஒண்ணுமில்ல. இத்தனை ரூமு, கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இருக்குது. ஒளியறவன் இதுல ஒண்ணுல படுத்திருந்தா மகராசன் மாதிரி இருக்கலாம்."

சகாயமேரி சுற்றிலும் பார்த்தாள். குதிக்கிற மேடையின் கான்கிரீட் தளம் தரைக்கு மேல் இடுப்பளவுகூட உயரமில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இருட்டு. குனிந்தாள். ஒரு சாக்கு விரிப்பு. சுருட்டி வைத்த சட்டை. மூடி வைத்த தூக்குவாளி.

"இத்தனை ரூமை விட்டுட்டு எலிப்பொந்துல படுத்திருக்கான்," என்றான் குப்புராஜ்.

"க்ளீனருங்க எங்க படுப்பாங்க?"

"லாரிக்கு அடி..." அவன் நிறுத்தினான்.

"மூஞ்சிக்கு மேல பக்கத்துல ஏதாவது இருந்தாத்தான் அவனுக்குத் தூக்கம் வருது."

சொல்லிவிட்டு அவள் அந்தச் சாக்கையே பார்த்தாள். தன் கை பிசகினதால் ஒரு மனுஷன் வண்டிக்கடியில் நசுங்கிச் செத்தான் என்றால், அதே ராத்திரியிலிருந்து இன்னொரு பாரத்தின் அடியில் போய் ஒருவனால் படுக்க முடியுமா? அவளால் முடியாது. கண் மூடினால் மேல்தளம் இறங்கும். இவன் படுத்திருக்கிறான். பயந்து ஓடியிருக்கிறான், ஆனால் இவன் பயப்படுவது பாரத்தைப் பார்த்து இல்லை. வேறு எதையோ பார்த்து.

தூக்குவாளியைத் தொட்டுத் திறந்தாள். சூடு.

"அக்கா," குப்புராஜின் குரலில் முதல்முறையாக வேடிக்கை இல்லை. "பாதி தின்ன களி, இன்னும் ஆறல. அப்படின்னா நாம மேடு ஏறறப்ப..."

"நம்ம காரைப் பாத்திருக்கான். யாரு கார்னு தெரிஞ்சிருக்கும்."

குழாய்களின் மூச்சு சட்டென்று நின்றது. காற்று ஓய்ந்த அந்தக் கணத்தில் எங்கோ மேல் பக்கமாக ஓர் ஓடு நகரும் சத்தம். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பின் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே வாசல் பக்கம் சுற்றி வர முடியும்.

சத்தம் கொடுக்கச் சொன்னார் சவுரியப்பன். சகாயமேரி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"சத்தம் போடட்டுங்களா?" என்றான் குப்புராஜ்.

"வேணாம். வெளிய போலாம்."

வெளியே கார் நின்ற இடத்திலேயே நின்றது. சவுரியப்பன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு முன் சீட்டில் சாய்ந்து கிடந்தார். அவர் மடியில் ஜாக்கி ராடு. பின் சீட்டில் மாதம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. சகாயமேரியைப் பார்த்தாள். அவள் கண் ஒரு தடவை கீழே, பின் சக்கரத்தின் பக்கம் போய்விட்டு வந்தது.

சகாயமேரி வண்டியைச் சுற்றி வந்தாள்.

பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருந்தது.

பெரிய கல். தட்டைப் பக்கம் டயரோடு ஒட்டி, நடுவில் விரல் நுழைய இடமில்லாமல். அது பின்வாங்காமல் இருக்க அதன் முதுகில் இன்னொரு சின்னக் கல் முட்டுக் கொடுத்திருந்தது. டயருக்கு முன்னால் சரளையில் ஓர் அடி நீளத்துக்குப் புதிய இழுவைத் தடம். கியர் தாங்காமல் வண்டி மெல்லப் பின்னால் வந்திருக்கிறது. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

"நீயா வெச்ச?" என்று உதட்டசைவில் கேட்டாள்.

குப்புராஜ் தலையாட்டி மறுத்தான்.

அவள் அந்தக் கல்லின் முன் நின்றாள். ஒளிந்திருந்தவன். தேடி வந்திருப்பது யார் என்று தெரிந்தவன். ஓட்டை வழியாகக் காட்டுக்குள் ஓடி மறைந்திருக்கலாம். சரிவில் ஒரு வண்டி நழுவுவதைக் கண்டதும், எதிரியின் வண்டி என்று தெரிந்தும், ஓடி வந்து குனிந்து கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். யோசித்துச் செய்திருக்க முடியாது. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். கை செய்திருக்கிறது. இந்தக் கையா தொப்பூரில் அரைகுறையாகக் கல் வைத்தது?

கருப்பண்ணன் அடியில் கிடந்தபோது மேலே நின்றது இரண்டே பேர். இந்தக் கை இல்லையென்றால் மற்றது. அந்த மற்ற கைக்குத்தான் நீலச் சில்லைக் காட்டி வழி சொல்லியிருக்கிறாள், பாராட்டு வாங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பயம் குரலில் தெரியாமல் இருக்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். பிறகு முன் கதவை அவசரமாகத் தட்டினாள்.

"சார், சார்! ஒடனே எறங்கிடுங்க. குப்பு ஏதோ ஒரு கல்லைப் பின்னாடி வெச்சிருக்கான். நிக்காது போல இருக்குதுங்க."

சவுரியப்பன் துண்டை உதறிக்கொண்டு, ராடைப் பிடித்தபடியே இறங்கினார். குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தார். பார்த்தவர் சிரித்தேவிட்டார்.

"இதுவா? உங்க தம்பி பத்து வருசம் முக்கினாலும் இப்படி வெக்க மாட்டானுங்க. பெரிய கல்லு, அதுக்கு முட்டா சின்னக் கல்லு. நான் கத்துக் குடுத்தது. இத்தனை சுத்தமா வெக்கறவன் எங்க செட்டுலயே ஒருத்தன்தான்." தலையை நிமிர்த்திக் கட்டடத்தைப் பார்த்தார். கண் மின்னியது. "ஆளு இங்கதான் இருக்கான். இன்னாசி வெச்ச கல்லுங்க இது. ஃபுல் லோடு ஏத்தி நிறுத்தினாலும் இம்மி அசையாது."

"அப்ப தொப்பூர்ல எப்படிங்க அசைஞ்சுது?"

சகாயமேரி மெதுவாகத்தான் கேட்டாள்.

சிரிப்பு அவர் முகத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஆள் போய்விட்டார். காற்று மறுபடி கிளம்பி வேலிக்காத்தானை ஆட்டியது. ராடு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது.

"வார்த்தையப் பாத்துப் பேசுங்க, மேரியம்மா."

"வார்த்தை உங்களுதுங்க. நான் கேள்விதான் கேட்டேன்."

பின் கதவு திறந்தது. மாதம்மாள் இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து போய்க் கட்டடத்தின் வாசலில், உள்ளே போகிற வழியை அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன், மொதலாளி. நீங்க தூங்கிட்டீங்க. வண்டி நகந்துச்சு. நான் கத்தறதுக்குள்ள ஓடியாந்து வெச்சுட்டான். கண்ணாடி வழியா என்னைப் பாத்தான். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்புட்டுட்டு ஓடிட்டான்." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "புருசனைக் கொன்னவன் கும்புட்டதைப் பாத்துட்டு நான் ஏன் வாயத் தொறக்கலன்னு எனக்கே தெரியல. இப்பத் தெரியுது."

"மாதம்மா, இந்தப் பொம்பள பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"சாகறதுக்கு முந்தின வாரம் பூரா எம் புருசன் வூட்டுல சோறே சரியாத் திங்கல. இனி அந்த லோடு ஏத்த மாட்டேன்னு மட்டும் சொன்னாரு. என்ன லோடுன்னு சொல்லல." அவள் தலையைத் திருப்பி உள்ளே கூப்பிட்டாள். "இன்னாசி! வாடா சாமி. நான் நிக்கறேன்."

சவுரியப்பன் ஓரடி எடுத்து வைத்தார்.

"முட்டி வலின்னீங்களேங்க," என்றான் குப்புராஜ். அவனும் நகர்ந்து மாதம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். "மூணு பேரையும் அடிக்கணுங்க. வரிசையில கடைசியா நிக்கறதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்ல."

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்கால், தயங்கித் தயங்கி வந்தது. நடைவழியின் இருட்டிலிருந்து ஒருவன் வெளிச்சத்தின் ஓரம் வரை வந்து நின்றான். தாடி மண்டிய முகம். கிரீஸ் கறை போகாத காக்கி டவுசர். மாதம்மாளின் முதுகைத் தாண்டி வரவில்லை.

"அண்ணன் ரேடியேட்டருக்குத் தண்ணி கேட்டாருக்கா," என்றான் இன்னாசி. "ஓடையில எடுக்கத்தான் போனேன். போறதுக்கு முன்னாடி கல்ல ரெண்டு தரம் ஒதைச்சுப் பாத்துட்டுதான் போனேன். திரும்பி வரேன், மொதலாளி குனிஞ்சு நிக்கறாரு. கல்லு அவரு கையில. தானியத்துக்கடியில சந்தனக்கட்டை போட்டு ஏத்தறதை ஃபாரஸ்ட் ரேஞ்சர்கிட்டச் சொல்லிடுவேன்னு அண்ணன் சொல்லியிருந்தாரு. நான் கத்தினேன்க்கா. அதுக்குள்ள..."

மாதம்மாள் திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

சவுரியப்பன் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். அடிக்க வேண்டிய வாய்கள் நான்கு. அந்தக் கணக்கு அவர் முகத்தில் ஓடி முடிவதை சகாயமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ராடு சரளையில் விழுந்தது. அவர் சட்டென்று திரும்பி டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாவிக்குக் கை போனது. சாவி இல்லை.

"எங்கிட்ட இருக்குதுங்க," என்று குப்புராஜ் பையைத் தட்டிக் காட்டினான்.

ஆனால் அவர் பழைய லாரிக்காரர். சாவி இல்லாவிட்டால் சரிவு இருக்கிறது. சாலை வரை உருண்டுவிட்டால் கீழே கை காட்டினால் நிற்கிற வண்டிகள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். வண்டி முனகியது. தன் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்தது. கல்லின் மேல் உட்கார்ந்தது.

அசையவில்லை.

அவர் சீட்டில் முன்னும் பின்னும் உந்தினார். ஸ்பிரிங் கிரீச்சிட்டது. நெற்றி வியர்வை வழிந்து ஸ்டியரிங்கில் விழுந்தது. இறங்கி அந்தக் கல்லை எடுக்க வேண்டும். இத்தனை பேர் பார்க்க இன்னொரு தடவை குனிந்து எடுக்க வேண்டும். கதவுப் பிடியில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

மாதம்மாள் இன்னாசியின் கையை விட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். சகாயமேரி தடுக்க எழுந்த தன் கையைத் தானே தாழ்த்திக்கொண்டாள். இதில் துப்பறிகிறவளுக்கு இனி வேலையில்லை.

மாதம்மாள் ஜன்னலில் குனிந்து அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அன்னிக்கி எடுத்த கல்ல எங்க போட்டீங்க, மொதலாளி?"